என்விடியாவா, நூவோவா? விசுவமடுக் கணினியில் கறுப்புத் திரை

இரணைமடு:
விசுவமடுவில் எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பழைய டெஸ்க்டொப் கணினிகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் 21 இயங்குதளம், என்விடியாவின் ஜீஃபோர்ஸ் ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்ட். போன கிழமை அப்டேட் போட்டதும் ஒன்றில் கறுப்புத் திரையும் மினுங்கும் கோடும்தான் வருகின்றன. முன்பு யாரோ என்விடியா தளத்தில் இருந்து கோப்பை இறக்கி டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டிருக்கிறார். அதற்கு மேல் மின்டின் டிரைவர் மேனேஜரிலும் என்விடியாவின் 470 வரிசை டிரைவர் போட்டிருக்கிறது. இவை ஒன்றோடொன்று மோதுகின்றனவா? எதை வைத்திருப்பது?

கனகராயன்:
என்விடியாவை முழுதாக எடுத்துவிடுங்கள். என்விடியா கார்டுகளுக்கான திறந்த மூல டிரைவரான நூவோ, 2010இல் இருந்து லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கர்னல் மாறினால் அதுவும் கூடவே மாறும், தனியாக எதையும் இறக்கத் தேவையில்லை. ஃபோன் டேட்டாவில் ஓடும் நிலையத்துக்கு நூற்றுக்கணக்கான எம்பியில் ஒரு டிரைவர் எதற்கு? உயர்தரப் பிள்ளைகள் பைதனும் தரவுத்தளமும் படிக்கிறார்கள், சின்னவர்கள் லிப்ரே ஆபிஸ் பழகுகிறார்கள். அதற்கு நூவோ தாராளம்.

பாலைப்பழம்:
அண்ணை, காரணத்தைப் பார்க்காமல் எடுக்கச் சொல்கிறீர்கள். ஒரு கார்டை ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான் பிடிக்கலாம். அதனால் என்விடியாவின் நிறுவி, எந்த டிரைவரை ஏற்றுவது என்று சொல்லும் மொட்ப்ரோப் கோப்புறையில் ஒரு கோப்பு எழுதி நூவோவைத் தடுத்துவிடும். அதுவரை சரி. ஆனால் தன் மொட்யூலை (கர்னலோடு சேரும் துண்டை) அந்த நேரம் ஓடுகிற கர்னலுக்கு மட்டுமே கட்டும். கர்னல் மாறும்போதெல்லாம் மொட்யூலை மறுபடி கட்டும் டிகேஎம்எஸ்ஸில் பதியாமல் விட்டிருந்தால், புதுக் கர்னல் வந்ததும் அந்த மொட்யூல் இல்லை. நூவோவுக்குத் தடை, என்விடியாவோ இல்லை. மற்றவரை வெளியே விட்டு வீட்டைப் பூட்டியவர், திறப்போடு ஊருக்குப் போன மாதிரி. திரையைக் காட்டும் எக்ஸ்ஓர்க்கின் அமைப்புக் கோப்பிலும் ‘என்விடியா’ என்று எழுதியிருந்தால், அது வேறு டிரைவரைத் தேடாமலே நின்றுவிடும்.

கணினி தொடங்கும்போது ஷிஃப்ட்டை அழுத்தி, கிரப் என்ற தொடக்கப் பட்டியலில் பழைய கர்னலைத் தெரிவு செய்து பாருங்கள். படம் வந்தால் இதுதான் காரணம். வராவிட்டால் கர்னல் பதிவில் ‘ஏபிஐ மிஸ்மேட்ச்’ என்று தேடுங்கள். அது இரண்டு வழியாகப் போட்டதன் அடையாளம்: மொட்யூல் ஒரு 470 பதிப்பு, டிரைவரின் நிரல் நூலகங்கள் இன்னொரு 470 பதிப்பு. என்விடியாவே என்விடியாவோடு முட்டுகிறது, நூவோவுக்கு அதில் பங்கில்லை.

கனகராயன்:
விளக்கம் சரி. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் பலம். மொட்யூல் கட்டத் தேவையான கர்னல் ஹெடர், டிகேஎம்எஸ், தடைக் கோப்பு, எக்ஸ்ஓர்க் என்று எதில் ஒன்று பிசகினாலும் வகுப்பு நிற்கும். கிளிநொச்சியில் இருந்து ஒருவர் வந்து பார்க்கும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டும். ஜிடி 710, கெப்ளர் என்ற பழைய சிப் வகை. அதற்குக் கடைசி வரிசை 470, அதன் ஆதரவும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. 2022 மே மாதம் என்விடியா வெளியிட்ட திறந்த மொட்யூல் டூரிங் என்ற சிப் வகைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும்தான். இந்தக் கார்டைத் தொடர்ந்து கவனிக்கப் போவது நூவோ மட்டுமே.

பாலைப்பழம்:
வேகத்தை விட்டுவிட்டீர்கள். நூவோ கெப்ளரைத் தொடங்கும்போதுள்ள குறைந்த வேகத்திலேயே ஓடவிடும். ரூட் (நிர்வாகி) உரிமையோடு கையால் உயர்த்தலாம், ஆனால் மறுபடி தொடங்கினால் பழையபடிதான். கார்டில் கணக்கீடு செய்ய உதவும் என்விடியாவின் குடா அறவே இல்லை. அங்கே பிளெண்டரில் முப்பரிமாணமும் கேடென்லைவில் வீடியோத் தொகுப்பும் பழக விரும்பும் பிள்ளைகள் இருந்தால்? தட்டச்சும் பைதனும் போதும் என்று அவர்களுக்காக நாங்கள் முடிவெடுப்பது எனக்குச் சம்மதமில்லை. மின்ட் 21, உபுண்டு 22.04இன் மேல் நிற்கிறது. அதன் 5.15 கர்னல் வரிசைக்கு 2027 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். அந்த வரிசையை விட்டு மேலே தாவாமல் இருந்தால் 470 ஒழுங்காகக் கட்டும்.

கனகராயன்:
பிள்ளைகளுக்கு இது போதும் என்று நான் சொல்லவில்லை, தம்பி. கணினி திறக்க வேண்டும் என்கிறேன். திறக்காத கணினியில் பிளெண்டரும் இல்லை.

முறிகண்டி:
இடையில் ஒன்று. செக்யூர் பூட் போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் கையொப்பமில்லாத மொட்யூலைக் கர்னல் ஏற்றாது. பார்த்தால் இதே கறுப்புத் திரைதான்.

இரணைமடு:
பழைய கர்னலில் படம் வந்துவிட்டது! இவை பழைய பயோஸ் கணினிகள், செக்யூர் பூட் இல்லை.

பாலைப்பழம்:
அப்ப அந்தப் பழைய கர்னலில் இருந்தபடியே செய்யுங்கள். முதலில் இறக்கிய கோப்பின் நீக்கும் தெரிவை ஓட்டுங்கள். அப்புறம் பொதி நிர்வாகியான ஏபிடியில் என்விடியா பொதிகளை அமைப்புக் கோப்புகளோடு சேர்த்து நீக்குங்கள். தடைக் கோப்பையும் எக்ஸ்ஓர்க் கோப்பையும் அழியுங்கள். கடைசியில், தொடக்கத்தில் கர்னலோடு ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். இதை விட்டால் தடை அதற்குள் ஒளிந்திருக்கும், மற்றதெல்லாம் செய்தும் பலன் இராது. மறுபடி தொடங்கினால் நூவோவில் திரை வரும். பிறகு 470 வேண்டுமென்றால், கர்னல் ஹெடர்களைப் போட்டுவிட்டு, டிரைவர் மேனேஜரில் மட்டும் போடுங்கள். தளத்துக் கோப்பு வேண்டவே வேண்டாம்.

கனகராயன்:
470ஐ மறுபடி போடுவதைத் தவிர எல்லாவற்றுக்கும் சம்மதம். நூவோ வந்ததும் அப்படியே விடுங்கள், வீடியோ வேலைக்கு உண்மையாகவே ஆள் வரும்போது ஒரு கணினியில் மட்டும் 470ஐப் பார்க்கலாம். முன்பு தளத்துக் கோப்பைப் போட்ட ஆள் மற்றக் கணினிகளிலும் கை வைத்திருக்கக் கூடும். அடுத்த கர்னல் அப்டேட் போடுவதற்கு முன் அவற்றிலும் தடைக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.