யுக்திவாதம், பகுத்தறிவுவாதம், மூளை: எது எதோடு சேரும்?

சித்தூர்ப்புழை:
எம்.ஏ. தத்துவம், பாலக்காட்டுப் பக்கம். வகுப்பில் மலையாளத்தில் 'யுக்திவாதம்' என்கிறார்கள், தமிழ்ப் புத்தகத்தில் 'பகுத்தறிவுவாதம்' என்று இருக்கிறது. கடவுள் உண்டு என்று நிரூபித்த பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் எப்படிப் பகுத்தறிவுவாதி ஆனார்? இன்னொன்று: மனம் மூளையின் வேலைதான் என்றால், அறிவு புலன் வழியேதான் வரும் என்கிற அனுபவவாதம் ஜெயித்துவிட்டதா?

வாளையாறு வாசகன்:
முதல் சிக்கல் சொல்லில்தான். பகுத்தறிவு என்றதும் நமக்குப் பெரியார் நினைவு வருகிறது. கேரளத்தில் யுக்திவாதி என்றால் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் வழி வந்த நாத்திகர். தத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை. புலன் உதவியின்றி, சிந்தனையால் மட்டுமே சில உண்மைகளை அறியலாம் என்பவர் எவரோ அவர் பகுத்தறிவுவாதி. அவர் கோயிலுக்குப் போகிறாரா என்பது கணக்கில் வராது. விடைத்தாளில் முதல் வரியிலேயே இதை எழுதிவிடுங்கள்.

இரண்டாவதற்கு, தாளில் நாலு கட்டம் போடுங்கள். மேலே 'அறிவு எங்கிருந்து வருகிறது', பக்கவாட்டில் 'மனம் என்ன பொருள்'. தெக்கார்த்: சிந்தனை, மனமும் உடலும் இரண்டு பொருள். ஸ்பினோசாவும் சிந்தனைக் கட்சிதான், ஆனால் பொருள் ஒன்றே, எண்ணமும் பரப்பும் (இடத்தை அடைக்கும் தன்மை) அதன் இரு முகங்கள் என்றார். ஹாப்ஸ்: புலன், எல்லாம் சடம் (பருப்பொருள்). பார்க்லி புலன்வாதி, ஆனால் சடமே இல்லை என்றவர். அவர் கணக்கில் மூளையும் மனத்துக்குள் இருக்கும் எண்ணம்தான்! கட்டங்கள் இப்படிக் கலந்து நிரம்புவதால், ஒரு கேள்வியின் விடை மற்றதைத் தீர்க்காது. 'ஜெயித்தது' என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

கைதச்சக்கை:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்த இரண்டு கேள்விகளும் உரசும் இடங்கள் உண்டு. அன்னாசியைத் தின்னாதவனுக்கு வர்ணித்து அதன் ருசியைத் தர முடியாது என்றவர் அனுபவவாதி லாக். 1982இல் தத்துவவாதி ஃபிராங்க் ஜாக்சன் இதையே மூளைப் பக்கம் திருப்பினார்: நிறம் பற்றிய பௌதிகம் முழுதும் படித்த, கறுப்பு-வெள்ளை அறையிலேயே வளர்ந்த மேரி, வெளியே வந்து சிவப்பைப் பார்க்கும்போது புதிதாக ஒன்றைக் கற்கிறாளா? ஆம் என்றால், மூளை விவரத்தில் அடங்காத ஏதோ ஒன்று மிச்சம். (பின்னாளில் ஜாக்சனே இந்த முடிவைக் கைவிட்டார், மறக்காமல் எழுதுங்கள்.)

அடுத்தது, மாலினோ என்பவர் லாக்கிடம் கேட்ட கேள்வி. பிறவியிலேயே பார்வையற்றவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுப் பழகியிருக்கிறார். பார்வை வந்தவுடன், தொடாமலே எது எது என்பாரா? லாக் தன் நூலின் 1694 பதிப்பில், மாட்டார் என்றார். பகுத்தறிவுவாதியான லைப்னிட்ஸ், அந்த இரண்டும்தான் எதிரே இருக்கின்றன என்று சொல்லிவிட்டால் யோசித்தே சொல்வார் என்றார்: ஒன்றுக்கு எட்டு மூலை, மற்றதற்கு ஒன்றுமில்லை. 2011இல் வெளியான பவன் சின்ஹா குழுவின் ஆய்வில், இந்தியாவில் கண் அறுவை முடிந்த 8 முதல் 17 வயது வரையான ஐந்து பேரைச் சோதித்தார்கள். கண்ணால் பார்த்ததைக் கண்ணாலேயே பொருத்தியபோது சுமார் 92 சதவீதம் சரி. கையால் தொட்டதைக் கண்ணால் தேர்ந்தபோது 58.

சித்தூர்ப்புழை:
58 என்றால் பாதிக்கு மேல்தானே? லைப்னிட்ஸுக்குக் கொஞ்சமாவது ஆதரவு இல்லையா?

கைதச்சக்கை:
இரண்டில் ஒன்றைத் தேர்வது; கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். 58 கிட்டத்தட்ட ஊகம்தான். பார்வை மங்கலால் தவறியது என்றும் சொல்ல முடியாது, அதற்குத்தான் அந்த 92. ஆனால் சில நாளில் மறுபடி சோதித்தபோது நன்றாகத் தேறினார்கள். அவ்வளவு வேகமாகக் கற்க உள்ளே முன்கூட்டியே ஏதோ அமைப்பு வேண்டும் என்று லைப்னிட்ஸ் கட்சிக்காரர் இங்கே நுழைவார். பிறவி அமைப்பு வேறு, பிறவி அறிவு வேறு என்று லாக் கட்சி பதில் சொல்லும்.

பழைய சுவடி:
'மனம்' என்று மொழிபெயர்க்கும்போதும் கவனம். தொல்காப்பியம் மனத்தை ஆறாவது அறிவு என்று புலன்களோடேயே வைக்கிறது. நியாயம் என்கிற இந்தியத் தர்க்க மரபில் மனம் அணு அளவான உட்கருவி. இரண்டு புலனறிவு ஒரே நொடியில் எழாததற்கு அதுவே காரணம் என்பார்கள். சைவ சித்தாந்தத்தில் மனம் சடம், உயிர்தான் சித்து, அதாவது அறிவுடைய பொருள். ஆக நம் மரபில் கோடு மனத்துக்கும் உடலுக்கும் நடுவே விழவில்லை, உயிருக்கும் மனத்துக்கும் நடுவே விழுகிறது. 1643இல் பொஹீமியாவின் எலிசபெத் இளவரசி தெக்கார்த்துக்கு எழுதிக் கேட்டாரே, பரப்பில்லாத ஆன்மா உடலை எப்படி அசைக்கும் என்று. அதை விளக்கும்போது 'மனம்' என்று மட்டும் எழுதாமல் 'சிந்திக்கும் பொருள்' என்று எழுதுங்கள்.