13-ஆம் பாரில் கை நின்றுவிடுகிறது: மூளையில் என்னதான் நடக்கிறது?

ஐந்தாம்விரல் (கேள்வி)

வயது 43. பியானோ கற்றுக்கொள்ள ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது கையில் இருப்பது ஜெர்மன் இசையமைப்பாளர் பாகின் சி மேஜர் இன்வென்ஷன் என்ற சின்ன பியானோ பாட்டு, அந்த வரிசையில் முதலாவது. மொத்தமே 22 பார் (பாட்டைத் தாளப்படி பிரிக்கும் சின்னக் கட்டங்கள்). தனியாக உட்கார்ந்தால் நோட்ஸ் பார்க்காமல் கடைசிவரை ஓடிவிடும். வாசித்துக்கொண்டே நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைகளை யோசித்த நாளும் உண்டு.

பக்கத்தில் யாராவது இருந்தால் கதையே வேறு. ஆசிரியர் என்றில்லை, வீட்டுக்கு வந்த உறவினர் சோபாவில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாலும் போதும். 13-ஆம் பார் வரும்போது "அடுத்தது எந்த விரல்?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அவ்வளவுதான், கை நின்றுவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியாது. முதல் பாருக்குப் போய் மறுபடி ஓடிவந்தால் அந்த இடத்தைத் தாண்டிவிடுவேன். ஆசிரியரிடம் கேட்டால் "இன்னும் சாதகம் பண்ணுங்கள்" என்கிறார். இதற்கு மேல் எவ்வளவு பண்ணுவது?

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. "மசில் மெமரி" என்கிறார்களே, அது நிஜமாகவே தசையில்தான் இருக்கிறதா? தெரிந்த ஒன்றை யோசித்தால் ஏன் கெட்டுப்போகிறது?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், சிரிக்காதீர்கள். தப்பு நோட்டு விழப்போகிறது என்று அது விழுவதற்கு முன்பே தெரிகிறது. ஆனால் கையை நிறுத்த முடிவதில்லை. இது பிரமையா?

பெடல்மிதி

டிஜிட்டல் பியானோவா? ப்ளூடூத் ஹெட்போன் போட்டு வாசிக்கிறீர்களா? கீ அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தாலே கை குழம்பிவிடும். ஐந்தில் ஒரு நொடி தாமதம் வந்தால் நன்றாக வாசிப்பவர்களே தடுமாறுவார்கள். எனக்கு ஒரு மாதம் இது புரியாமல் ஆசிரியரை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன்.

ஐந்தாம்விரல்

இல்லை சார், ஒயர் ஹெட்போன்தான். நிற்பதும் எப்போதும் அதே 13-ஆம் பாரில்தான். மற்ற இடங்களில் ஒன்றும் ஆவதில்லை.

சிறுமூளை

பிரமை இல்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. (உடலின் அசைவுகளை மூளை எப்படி நடத்துகிறது என்று பார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஆறு வயதிலிருந்து பியானோவும் உண்டு, சுமாராக.)

2009-இல் ஜெர்மனியில் லைப்சிக், ஹனோவர் இரண்டு ஊர்களிலும் தனித்தனியாக ஒரே மாதிரி சோதனை செய்தார்கள். தேர்ந்த பியானோ கலைஞர்களின் தலையில் மூளை அலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி மின்முனைகளைப் பொருத்தி மனப்பாடமாக வாசிக்கவிட்டார்கள். தப்பான கீ அழுத்தப்படுவதற்குச் சுமார் 70 முதல் 100 மில்லிநொடி முன்னாலேயே மூளை அலையில் ஒரு மாறுதல் தெரிந்தது. அதைவிட எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், தப்பு நோட்டுகள் சரியான நோட்டுகளைவிடச் சத்தம் குறைவாக ஒலித்தன. அதாவது நிறுத்த முடியாவிட்டாலும் மூளை கையைக் கொஞ்சம் பிடித்து இழுத்துப் பார்க்கிறது. உங்களுக்குத் தோன்றும் அந்த "ஐயையோ" இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, தசைக்கு வருவோம். தசைக்கு நினைவெல்லாம் கிடையாது, சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். நீங்கள் பழகியது பெருமூளையின் இயக்கப் பகுதிகள், சிறுமூளை, அடியில் இருக்கும் பேசல் கேங்லியா எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டணியில் இருக்கிறது. நேற்று என்ன நடந்தது என்று நினைவு வைக்கும் ஹிப்போகாம்பஸை இது பெரிதாக நம்பியிருப்பதில்லை. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் கிளைவ் வேரிங்குக்கு 1985-இல் மூளையில் வைரஸ் தொற்று வந்து ஹிப்போகாம்பஸ் சேதமானது. அதன் பிறகு சில நொடிக்கு முன் நடந்ததுகூட அவருக்கு நினைவில் நிற்கவில்லை. ஆனால் பியானோ முன் உட்காரவைத்தால் வாசித்தார்.

இப்போது உங்கள் 13-ஆம் பார். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) 80-இல், அதாவது நிமிடத்துக்கு 80 பீட் வேகத்தில் வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீட்டுக்கு நான்கு நோட்டு, ஆக ஒரு நோட்டுக்கு 0.19 நொடிகூட இல்லை. ஒரு சத்தத்தைக் கேட்டு, அதற்குப் பதிலாக ஒரு விரலை அசைக்கவே நமக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு நோட்டாகக் கேட்டுக் கேட்டு அடுத்த விரலுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தால் வண்டி ஓடாது. மூளையை ஆராய்ந்த உளவியலாளர் கார்ல் லாஷ்லி 1951-இல் இதைத்தான் எழுதினார்: இசைக்கலைஞரின் விரல் நொடிக்கு 16 தடவைகூட விழும், ஆகவே வரிசை முன்கூட்டியே மூளையில் தயாராக இருந்தாக வேண்டும் என்று. நன்றாகப் பழகியபின் பல நோட்டுகள் சேர்ந்து ஒரே கட்டாகிவிடுகின்றன. கட்டின் வாசலில் நின்று "போ" என்று சொல்லலாம். நடுவில் புகுந்து "இப்போது மூன்றாம் விரலா?" என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. ஆள் பக்கத்தில் இருக்கும்போது கவனம் கைமேல் திரும்புகிறது, நீங்கள் போய்க் கேட்டுவிடுகிறீர்கள்.

எனவே யோசிப்பதைக் குற்றம் சொல்லாதீர்கள். யோசனை பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் வைக்காததுதான் கோளாறு. ரோஜர் சாஃபின் என்ற உளவியலாளர், கேப்ரியேலா இம்ரே என்ற பியானோ கலைஞர் பாகின் இத்தாலியன் கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியை மனப்பாடம் செய்வதை ஆரம்பத்திலிருந்து படம்பிடித்து ஆராய்ந்தார். இம்ரே எங்கே ஆரம்பித்தார், எங்கே நிறுத்தினார் என்று ஒன்றுவிடாமல் குறித்தார்கள். பகுதிகள் ஆரம்பிக்கும் இடங்களிலிருந்தே அவர் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கினார். இரண்டு வருடத்துக்கு மேல் கழித்துத் தாளில் எழுதிக்காட்டச் சொன்னபோது நன்றாக நினைவில் இருந்ததும் அந்த ஆரம்பங்கள்தான்.

உங்கள் இன்வென்ஷனில் அப்படி வாசல்கள் தெளிவாகவே இருக்கின்றன. 7-ஆம் பாரில் பாட்டு ஜி மேஜர் ஸ்கேலுக்கு வந்து இறங்கும், அங்கே இடது கை முந்திக்கொள்ளும். 15-ஆம் பாரில் ஏ மைனரில் இறங்கும். உங்களுக்கு இருப்பது 1 என்ற ஒரே வாசல்தான், 13-இல் கீழே விழுந்தால் அங்கேதான் திரும்ப வேண்டியிருக்கிறது.

ஒரு பரீட்சை வைக்கிறேன். 15-இலிருந்து ஆரம்பியுங்கள். 7-இலிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் இடது கை மட்டும், நோட்ஸ் பார்க்காமல், முதலிலிருந்து. என்ன ஆனது என்று வந்து சொல்லுங்கள்.

ஐந்தாம்விரல்

மானம் போயிற்று. 7-இலிருந்து நாலைந்து முயற்சியில் வந்தது. 15-இலிருந்து வரவே இல்லை, எந்தக் கீயில் கை வைப்பது என்றே தெரியவில்லை. இடது கை மட்டும் வாசித்தால் மூன்றாவது பாரிலேயே நின்றுவிட்டது. நாலு வருடமாக என் இடது கைக்கு அந்தப் பாட்டே தெரியாது போலிருக்கிறது, வலது கையின் பின்னால் நடந்து வந்திருக்கிறது.

இடதுகைக்காரன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். "இன்னும் சாதகம் பண்ணுங்கள்" என்ற வாக்கியத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் வலது கையில் நான்காவது, ஐந்தாவது விரல்கள் ஸ்கேல் வாசிக்கும்போது தானாக உள்ளே சுருள ஆரம்பித்தன. வலி துளியும் இல்லை. பேனா பிடிக்கலாம், சட்டைப் பொத்தான் போடலாம், பியானோவில் மட்டும் சுருளும். சாதகம் போதவில்லை என்றார் என் ஆசிரியர். நானும் நம்பி ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் அதே பாசேஜை அரைத்தேன். மோசமாகத்தான் ஆனது. ஒரு வருடம் கழித்து நரம்பியல் மருத்துவர் சொன்ன பெயர் ஃபோக்கல் டிஸ்டோனியா. தொழில்முறை இசைக்கலைஞர்களில் நூற்றில் ஒருவருக்கு வருகிறதாம். மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் இருக்க வேண்டும், அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கலந்துவிடுகின்றன என்று விளக்கினார். கலந்தபின் அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் கலப்புதான் கெட்டிப்படும்.

அமெரிக்க பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1964 வாக்கில் இதேதான் வந்தது, அதே இரண்டு விரல்கள். முப்பது வருடம் இடது கைக்கென்று எழுதப்பட்டவற்றை வாசித்தும், ஆர்க்கெஸ்ட்ரா நடத்தியும், பாடம் சொல்லியும் ஓட்டினார். 90-களில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியின் உதவியோடு இரண்டு கையாலும் வாசிக்க வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஷூமானின் கை கெட்டதும் இதனால்தானோ என்று மருத்துவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்தாம்விரல், உங்களுடையது இது இல்லை. ஆள் இருந்தால் நிற்பது வேறு, விரல் சுருள்வது வேறு. ஆனாலும் 13-ஆம் பாரை ஒரே மூச்சில் நூறு தடவை ஓட்டாதீர்கள்.

சிறுமூளை

இவர் சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். கையை ஓய்வில் விட்டுவிட்டும் பழகலாம். 1995-இல் நரம்பியல் ஆய்வாளர் பஸ்குவால் லியோனேயின் குழு பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தது, தினமும் இரண்டு மணி நேரம், ஐந்து நாள். ஒரு குழு வாசித்தது. இன்னொரு குழு பியானோ முன் உட்கார்ந்து மனதுக்குள் மட்டும் வாசித்தது. விரல்களை இயக்கும் மூளைப் பகுதி இரண்டு குழுவுக்கும் விரிந்தது. மனதில் வாசித்தவர்கள் ஐந்தாம் நாளில் எட்டிய தரம், கையால் வாசித்தவர்கள் மூன்றாம் நாளில் எட்டியது. அப்புறம் ஒரே ஒரு முறை இரண்டு மணி நேரம் கையால் வாசித்ததும் எட்டிப்பிடித்துவிட்டார்கள். அது சாதாரண விரல் பயிற்சி, பாக் இல்லை. இதைப் படித்துவிட்டுப் பியானோவைத் திறக்காமலே இருந்துவிடாதீர்கள்!

உங்களுக்கு நான் சொல்வது: கண்ணை மூடி 13, 14, 15 மட்டும், பாதி வேகத்தில், கீயும் விரலும் மனதில் தெரிய ஓட்டுங்கள். எங்கே மங்கலாகிறதோ அங்கேதான் ஓட்டை. அதோடு, தனியாக வாசிக்கும்போது கையை மட்டும் மூன்று நாள் போனில் வீடியோ எடுங்கள். ஒரு சந்தேகம் இருக்கிறது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஐந்தாம்விரல்

வீடியோவை அனுப்பவே தேவைப்படவில்லை மேடம், பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. 13-ஆம் பாரின் இரண்டாவது பீட்டில் இரண்டு நாள் மூன்றாம் விரல், ஒரு நாள் இரண்டாம் விரல். இதுதானே உங்கள் சந்தேகம்? "எந்த விரல்?" என்று உள்ளே கேட்ட குரலுக்கு ஒரு பதில் இல்லை, இரண்டு பதில் இருந்திருக்கிறது.

மூன்றாம் விரல் என்று முடிவுசெய்து பென்சிலால் எழுதிவிட்டேன். நேற்று வகுப்பில் அங்கே மறுபடி தடுக்கியது. ஆனால் முதலுக்குப் போகவில்லை, 15-க்குத் தாவிவிட்டேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினார். கவனித்தாரா, கவனிக்காத மாதிரி இருந்தாரா என்று தெரியவில்லை.

இடது கை இன்னும் ஐந்தாவது பாரில் இருக்கிறது.