கிளிநொச்சி வெயிலில் டர்போ ஸ்டார்லெட்: பூஸ்டைக் கூட்டலாமா?

கனகாம்பிகைக்குளத்தான்

அனைவருக்கும் வணக்கம். சிறுவயதிலிருந்து ஆசைப்பட்ட டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா வீ கார் ஒன்றைக் கடந்த தை மாதம் வாங்கினேன். 1997ஆம் ஆண்டு வண்டி. 1331 சிசி கொள்ளளவுடைய 4ஈ-எஃப்டிஈ எஞ்சினும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும், தொழிற்சாலையில் பொருத்திய சிடி9 டர்போவும் அப்படியே இருக்கின்றன. வேலை முடிந்து வந்த பின் வீட்டு முற்றத்தில் நானே ஒயில், பிளக்குகள், பிரேக் பட்டைகள் ஆகியவற்றை மாற்றிப் பழகி வருகிறேன்.

காலையில் வண்டி நன்றாக இழுக்கிறது. நண்பகலில் பரந்தனிலிருந்து திரும்பும்போதோ, நிமிடத்துக்கு 4000 சுற்றுகளுக்கு மேல் எஞ்சின் சோர்ந்துவிடுகிறது. இதைக் கேட்ட ஒரு கராஜில், பூஸ்டை, அதாவது டர்போ கொடுக்கும் காற்றழுத்தத்தை, கையால் திருகிக் கூட்டும் சிறு வால்வு ஒன்றைப் பூட்டி 1 பார் வரை உயர்த்தினால் சரியாகிவிடும் என்றும், அழுத்தம் மிஞ்சும்போது கணினி பெற்றோலை நிறுத்தும் எரிபொருள் வெட்டு வராதிருக்க இன்னொரு கருவியையும் சேர்த்துப் பூட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் அடிப்பது பெரும்பாலும் ஒக்டேன் 92 பெற்றோல். அவர்கள் சொன்னபடி செய்யலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பழைய கராஜ், வவுனியா

தம்பி, அந்த வால்வை இப்போது பூட்ட வேண்டாம். உங்கள் வண்டி குறைந்த பூஸ்டால் சோர்வதாக எனக்குத் தோன்றவில்லை. காலையில் இழுத்து நண்பகலில் சோரும் டர்போ வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டைத்தான்.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். நம் பகுதியில் நண்பகலில் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உள்ளே போகும் காற்று, தொழிற்சாலை அளவான 0.65 பார் பூஸ்டில் டர்போவை விட்டு வெளியேறும்போது 100 பாகையைத் தாண்டியிருக்கும். 1 பாருக்கு உயர்த்தினால் 130 பாகைக்கு மேல் போகும். சிறிய டர்போவை அதன் திறனுக்கு மேல் சுழற்றுவதால் நடைமுறையில் அதைவிடவும் கூடலாம். இந்தச் சூட்டை இறக்க வேண்டிய இன்டர்கூலர் உங்கள் வண்டியில் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கிறது. பொனற்றில் உள்ள வாயால் நுழையும் காற்று மட்டுமே அதைக் குளிர்விக்கிறது. அந்த வாய்க்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ரப்பர் ஓரம் இத்தனை ஆண்டுகளில் நொறுங்கி விழுந்திருந்தால், வெளிக்காற்று பக்கவாட்டில் நழுவிவிடும், எஞ்சினின் சூடு இன்டர்கூலரிலேயே தங்கிவிடும். உள்ளே போகும் காற்று அளவுக்கு மீறிச் சூடானால் பெற்றோல் தன் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும். அதைத்தான் நாங்கள் நொக்கிங் என்கிறோம். எஞ்சினில் உள்ள நொக் உணரி அதைக் கேட்டவுடன் கணினி தீப்பொறியைப் பின்தள்ளுகிறது. நீங்கள் உணரும் சோர்வு அதுவாகவே இருக்கலாம். அப்படியானால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் பூஸ்டைக் கூட்டினால் பிஸ்டனை உடைப்பதில்தான் முடியும்.

ஆகவே இன்டர்கூலரைக் கழற்றி, தகடுகளுக்கிடையில் அடைந்திருக்கும் பூச்சிகளையும் தூசியையும் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். ரப்பர் ஓரத்தைப் புதிதாக ஒட்டுங்கள். அடுத்து கசிவுச் சோதனை. காற்று வடிகட்டியை அகற்றி, டர்போவின் வாயை ஒரு மூடியால் அடைத்து, ரயர் கடைக் கொம்பிரசரிலிருந்து அழுத்தத்தைக் குறைத்து அந்த மூடியின் வழியாக 0.5 பார் அளவில் காற்றைச் செலுத்தி, எல்லாக் குழாய் இணைப்புகளிலும் சவர்க்கார நீரைத் தெளித்துப் பாருங்கள். குமிழி வரும் இடம் உங்களை ஏமாற்றாது. கசிவு இருக்கும்வரை டர்போ அதே அழுத்தத்தைக் கொடுக்க மேலும் வேகமாகச் சுழன்று, காற்றை இன்னும் சூடாக்கும்.

ரேடியேற்றருக்குக் கிணற்று நீர் ஊற்றியிருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு எஞ்சினின் நீர்வழிகளிலும் படியும். நம் பகுதி நீரின் கடினத்தன்மையால் அடைபட்ட எஞ்சின்கள் பலவற்றை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் மட்டுமே ஊற்ற வேண்டும்.

வற்றாப்பளையான், இங்கிலாந்து

அண்ணை சொன்னது முற்றிலும் சரி. எரிபொருள் வெட்டைத் தடுக்கும் கருவியைப் பற்றி மட்டும் ஒன்றைச் சேர்க்கிறேன். ஏனெனில் ஆபத்து அதில்தான் கூடுதலாக இருக்கிறது.

இந்த எஞ்சினின் கணினி, உட்காற்றுக் குழாயின் அழுத்தத்தை அளந்தே எவ்வளவு பெற்றோல் தெளிக்க வேண்டும் எனத் தீர்மானிக்கிறது. அழுத்தம் ஓர் எல்லையைக் கடந்தால் பெற்றோலை நிறுத்திவிடும். அந்தக் கருவியோ, உண்மையான அழுத்தத்தைக் கணினிக்குக் காட்டாமல் எல்லைக்குக் கீழான ஓர் அளவிலேயே சைகையைப் பிடித்து வைக்கிறது. உள்ளே காற்று கூடுகிறது. அதற்கேற்பப் பெற்றோல் கூடுவதில்லை. சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் போதும். பூஸ்டின்போது அது 11.5க்கும் 12க்கும் இடையில் இருந்தால்தான் எரிகூடம் குளிர்ச்சியாக இருக்கும். விகிதத்தை அளக்கும் கருவி இல்லாமல் 1 பார் ஓட்டுபவருக்கு, எஞ்சின் உடையும்வரை ஒன்றும் தெரியப்போவதில்லை.

இங்கே கிளான்சா வைத்திருப்போர் பலர் உண்டு. அவர்களுடைய காணொளிகளைப் பார்த்துத்தான் ஊரிலும் அதே அளவுகளை வைக்கிறார்கள் என நினைக்கிறேன். இங்கு நாங்கள் அடிப்பது 97 முதல் 99 வரையான ஒக்டேன்; இந்த எண் கூடக் கூடப் பெற்றோல் நொக்கிங்கைக் கூடுதலாகத் தாங்கும். வெளிக்காற்றும் ஊரைவிட மிகக் குளிர்ச்சியானது. இந்த வண்டி பிறந்த ஜப்பானிலும் உயர்ரகப் பெற்றோல் 96 ஒக்டேனுக்குக் குறையக் கூடாது என்பது தரவிதி. ஆகவே தொழிற்சாலை அளவிலேயே 92 உங்களுக்குக் குறைவு. ஒக்டேன் 95 கிடைக்கும் நாளில் தாங்கியை நிரப்புங்கள். கிடைக்காத நாளில் வண்டியில் உள்ள பூஸ்ட் பொத்தானைக் குறைந்த நிலையில் வைத்து ஓட்டுங்கள். அந்தப் பொத்தானைப் பலர் மறந்தேவிடுகிறார்கள்.

ஒட்டுசுட்டான் வீதி

தூசியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. மாங்குளம் முல்லைத்தீவு வீதியை விட்டு உள்ளே இறங்கினால் எல்லாம் கிரவல் பாதைதான். டர்போவின் காற்றுச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வது. அந்த வேகத்தில் மணல்துகள் அதன் இதழ்களை அரம்போல அராவிவிடும். திறந்த கூம்பு வடிகட்டி ஓசைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது எஞ்சின் அறையின் சூட்டுக்காற்றையே குடிக்கும். அசல் பெட்டியையும் காகித வடிகட்டியையும் வைத்திருங்கள், 5000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றுங்கள். வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாயின் கிளிப் தளர்ந்தால் தூசி நேராகவே உள்ளே போகும்.

முழுச் செயற்கை ஒயில் 10டபிள்யூ-40, அதுவும் 5000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். ஏ-9 வீதியில் வேகமாக வந்து முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்குவோர் பலர், நின்ற கணத்திலேயே எஞ்சினையும் நிறுத்திவிடுகிறார்கள். டர்போவின் உள்ளே நின்றுபோன ஒயில் கருகி, தார்போல இறுகும். கோயிலுக்கு இரண்டு கிலோமீற்றர் முன்பிருந்தே மெதுவாக வந்தால் போதும். இரவில் அந்த வீதியில் மாடுகள் படுத்திருக்கும், யானையும் கடக்கும். கார்களுக்கான 70 கிலோமீற்றர் எல்லைக்குள் இருந்தாலும் பிரேக் நம்பிக்கையாக இருக்க வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 4 வகை புதிதாக 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் 155 பாகையிலேயே கொதிக்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

கனகாம்பிகைக்குளத்தான்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை சோதனை செய்தேன். இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் அடிப்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. சவர்க்கார நீர் பட்டதும் நுரை பொங்கியது. பொனற் வாயின் ரப்பர் ஓரமும் பாதிதான் மிஞ்சியிருந்தது. அசல் குழாய் எங்கும் கிடைக்கவில்லை. சிலிக்கன் குழாய் போடலாமா?

பழைய கராஜ், வவுனியா

போடலாம் தம்பி. குழாய் ஏறும் இரண்டு முனைகளின் வெளிவிட்டத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்கும் என்று எண்ணி வாங்காதீர்கள். முனைகளில் ஒயில் பூச்சு இருந்தால் பூஸ்டில் குழாய் நழுவும்; நன்றாகத் துடைத்த பின் பூட்டி, ஒரு நாள் ஓடிய பிறகு கிளிப்புகளை மறுபடியும் இறுக்குங்கள். அதன் பின் அதே 0.5 பாரில் இன்னொரு முறை சவர்க்கார நீர் அடித்துப் பாருங்கள். ஒரு வெடிப்பு இருந்த வண்டியில் இரண்டாவதும் இருக்கக்கூடும்.