ஸ்விஃப்டுக்கு ஸ்ட்ரட் பார் போடலாமா?

கேள்வி: 2012 ஸ்விஃப்ட். ஈசிஆர் வளைவுகளில் வேகமாகத் திருப்பினால் முன்பக்கம் தள்ளாடுகிறது. ஸ்ட்ரட் டவர் பார் (பானட்டுக்குள் குறுக்கே மாட்டும் கம்பி) மாட்டினால் சரியாகுமா? புதுப்பேட்டையில் பழையது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

பதில்: தள்ளாட்டத்துக்கு பார் மருந்து இல்லைங்க. முதலில் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் ரப்பர் இணைப்பு), ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனைப் பிடிப்பு), டயர் காற்று பாருங்கள், நம்ம ஊர்ப் பள்ளங்களில் புஷ் சீக்கிரமே போய்விடும். பார், இரண்டு பக்க மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டுகளின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முன்சக்கரத் தாங்கி) மேல்முனைகளை இணைத்து, வளைவில் பாடி நெளிவதைக் குறைக்கும், அவ்வளவுதான். வண்டி சாய்வதைத் தடுப்பது ஆன்டி ரோல் பாரின் வேலை.

இன்னொருவர்: வாங்கினால் ஒரே துண்டாக வெல்டு செய்ததை வாங்குங்க தலைவா. இரண்டு முனையிலும் ஒற்றை போல்ட்டில் மடங்குகிற மாதிரி வருவதெல்லாம் பானட்டைத் திறந்து காட்டத்தான். அப்புறம், பானட் இடிக்கிறதா என்று பார்க்க, பார் மேல் களிமண் உருண்டை வைத்து மூடிப் பாருங்கள்.

கேட்டவர்: சரி, முதலில் புஷ்ஷைப் பார்த்துவிடுகிறேன்.