பின் அச்சுக்கு ஏர் லாக்கரா, எலெக்ட்ரிக் லாக்கரா?

இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டும் லாக்கர் ஒன்று போட நினைக்கிறேன். வண்டி 2008 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். முன்னும் பின்னும் ஓபன் டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும், பூட்டில்லாத பல்சக்கர அமைப்பு). ஆறு மாதமாகப் பாறைப் பாதையில் குறுக்காக ஏறினால் ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொள்கிறது. அது மட்டும் சும்மா சுற்றும். தரையில் நிற்கும் சக்கரம் அசையாது. போன வாரம் ஈரக் களிமண் ஏற்றத்தில் வண்டி பக்கவாட்டில் வழுக்கியது, நிஜமாகவே பயந்துவிட்டேன்.

டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கினேன். லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் கியரில்) பிரேக்கை லேசாக மிதித்தபடி ஏறியும் பார்த்தேன். பலனில்லை. சக்கரம் முழுக்கத் தூக்கிவிட்டால் லிமிடெட் ஸ்லிப்பும் (ஒரு சக்கரம் சும்மா சுற்றுவதை ஓரளவு மட்டும் தடுக்கும் டிஃபரன்ஷியல்) பெரிதாக உதவாது, அதனால் அது வேண்டாம்.

ஏர் லாக்கர் காற்றழுத்தத்தில் பூட்டும்; அதன் கம்ப்ரஸரில் டயருக்கும் காற்றடிக்கலாம், ஆனால் குழாய் கசிந்தால் பூட்டாது. எலெக்ட்ரிக்கில் ஒயர் மட்டும்தான். சேற்றுத் தண்ணீரில் அது தாங்குமா என்பதுதான் கவலை.

சேறும் ஓடையும் கடந்து சில வருடம் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: இரண்டில் எதைப் போடட்டும்?