இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டுமா? மாமியார் ஒரு பக்கம், மிஸ்ஸி (தாதி) ஒரு பக்கம்: பினாங்குக்காரர்கள் சிலரின் பேச்சு

பிறை மருமகள்: எனக்கு 14 வாரம். உயரம் 155 செ.மீ., மாசமாவதற்கு முன் எடை 74 கிலோ. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) கிட்டத்தட்ட 31. பிரசவம் வரைக்கும் 9 கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது என்று கிளினிக் மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் மாமியார் பசியாற நெய்த்தோசை, சாயங்காலம் கெட்டி மைலோ என்று கவனிக்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கப்பாளா பத்தாஸ் அண்ணன்: பயப்படாதே தங்கச்சி. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர், நல்ல உடம்பு. ஆறு பிள்ளைகள், ஒன்றுகூட நாலு கிலோவுக்குக் குறைவில்லை! பிஎம்ஐ எல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு, நமக்கு ஒத்துவராது.

பழைய தாதி: ஒத்துவராது என்பது உண்மைதான் தம்பி, ஆனால் நீங்கள் நினைக்கும் பக்கம் இல்லை. ஆசியர்களுக்கு பிஎம்ஐ 23-லிருந்தே கவனம் வேண்டும், 27.5-ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. நம் உடம்பில் எடை குறைவாக இருந்தாலும் கொழுப்பு கூடுதலாகச் சேரும்.

நாலு கிலோ பிள்ளை என்றதும் பெருமைப்படுகிறீர்கள். தாயின் ரத்தத்தில் சீனி கூடினால் அது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. பிள்ளை தானே இன்சுலினைச் சுரந்து சுரந்து பருக்கும். பிரசவத்தில் தலை வந்துவிடும், தோள் மாட்டிக்கொள்ளும். அந்த இரண்டு மூன்று நிமிடம் லேபர் ரூமில் யாரும் மூச்சு விட மாட்டோம். அப்புறம் தொப்புள்கொடியை வெட்டியதும் சீனி வரத்து நின்றுவிடும், இன்சுலின் உடனே நிற்காது. பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தைக்குச் சீனி இறங்கிவிடும். பூப்போன்ற குதிகாலில் குத்திக் குத்திப் பார்க்க வேண்டி வரும்.

பருத்த தாய்மாரில் பெரும்பாலோருக்கு நல்லபடியாகத்தான் பிறக்கிறது. ஆபத்து கூடுகிறது, அதைத்தான் சொல்கிறோம்.

ஆயர் ஈத்தாம் அம்மா: அக்கா, விஷயம் சரி. சொல்லும் விதம்? ஒரு கிளினிக்கில் வரிசையே கேட்க என் எடையைச் சத்தமாகச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த பிள்ளைக்கு ஐந்தாம் மாதம்தான் பதியப் போனேன். என் தங்கைக்கு பிஎம்ஐ 18கூட இல்லை, அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தை 2.2 கிலோ. ஒல்லியாக இருந்தால் மட்டும் அழகா?

கப்பாளா பத்தாஸ் அண்ணன்: அப்படிக் கேளுங்கள்! மாசமாக இருப்பவள் பட்டினி கிடக்கவா?

பழைய தாதி: பட்டினி என்று யார் சொன்னது? 2009-ல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) வெளியிட்ட அளவில் பிஎம்ஐ 30-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 5 முதல் 9 கிலோ. அந்த 5 கிலோவும் ஏறத்தான் வேண்டும். இளைப்பதென்றால் கரு தரிக்கும் முன்பே இளைத்திருக்க வேண்டும், இப்போது வேண்டாம். சாதாரண எடைக்கு 11.5 முதல் 16. தங்கையைப் போல 18.5-க்குக் கீழே என்றால் 12.5 முதல் 18. அவரைக் கேட்காமல் விட்டது தப்புதான். திட்டியதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். இளம் வயதில் நானும் அப்படிப் பேசியவள்தான்.

கப்பாளா பத்தாஸ் அண்ணன்: அம்மாவிடம் போன் போட்டுக் கேட்டேன். நாலாவது தம்பிக்குத் தோள் மாட்டியதாம், அதனால்தான் இடது கை சரியாகத் தூக்க வராதாம். ஆனாலும் ஆள் நல்ல ஆரோக்கியம்!

பிறை மருமகள்: புதன்கிழமை சீனி டெஸ்ட். வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டேன் என்று மாமியார் அடம்பிடிக்கிறார். ஒரு பிஸ்கட்?

பழைய தாதி: அரை பிஸ்கட்கூட வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும். முதலில் ரத்தம் எடுத்துவிட்டு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5.1 மில்லிமோல், அப்புறம் 7.8, இரண்டில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகாலச் சீனி வியாதிதான். இப்போது சரியாக இருந்தாலும் 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ. பிஸ்கட் அவர் பையிலேயே இருக்கட்டும், இரண்டாவது தடவையும் ரத்தம் எடுத்து முடித்ததும் சாப்பிடு.