பழைய 5.1 ஆம்ப், புது டிவி: பின் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை

மதுரை திருநகரில் இருக்கிறேன். 2008இல் வாங்கிய 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், அவற்றை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்), டிவிடி காலத்துச் சரக்கு, எச்டிஎம்ஐ கிடையாது, ஒலிக்கு ஆப்டிகல், கோஆக்ஸியல் என்ற டிஜிட்டல் இணைப்புகள்தான். போன மாதம் 55 இன்ச் ஸ்மார்ட் டிவி வந்தது. ஆப்டிகல் வயரில் இணைத்தால் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது, ஆம்ப் டிஸ்ப்ளேயில் பிசிஎம் (ஆப்டிகலில் இரண்டு சேனல் மட்டும் வரும் சாதா ஒலி) என்றே நிற்கிறது. டிவிடி போட்டால் எல்லா ஸ்பீக்கரும் கும்மென்று கேட்கிறது, ஆக ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. வயரை மாற்றியாச்சு. டிவி செட்டிங்கில் ஆட்டோ வைத்தாலும் பிசிஎம்தான், பாஸ்த்ரூ (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) வைத்தால் ஓடிடியில் சுத்தமாகச் சத்தமே இல்லை. ஓடிடியில் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற புதிய சரவுண்ட் ஒலி வடிவம், ஆம்புக்குப் பழைய டால்பி டிஜிட்டல்தான் தெரியும், அதுதான் காரணம் என்று படுகிறது. கடையில் கேட்டால் "தூக்கிப் போட்டுட்டு சவுண்ட்பார் வாங்குங்க சார்" என்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. பிளஸ்ஸைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றி ஆப்டிகலில் கொடுக்கும் பெட்டி ஏதாவது யாராவது வீட்டில் ஓடுகிறதா, என்ன மாடல்?